தப்பா ஒட்ட முடியாத வீடு

1/ போன வாரம் ஒரு குட்டி ஓட்டு வீட்டோட படம் போட்டிருந்தேன். திண்ணை, ரெண்டு ஜன்னல், வாசலுக்கு நேரே தண்டவாளம். "எங்க வாங்கினீங்க டாக்டர்?"னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. வாங்கல. நானே வரைஞ்சு, லேசர்ல வெட்டி, ஒட்டினது. எப்படின்னு சொல்றேன். கடைசியில ஒரு இன்சுலின் விஷயம் இருக்கு. உண்மையில அதுக்காகத்தான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுமையா வாங்க.

2/ மாடல் ரயில் வச்சிருக்கறவங்களுக்கு ரயில் மட்டும் போதாது. அது ஓடறதுக்கு ஒரு ஊர் வேணும். ஊர்னா வீடு. ஜெர்மனியில 1946-ல தொடங்கின ஃபாலர் மாதிரி கம்பெனிகள் வீட்டைப் பாகம் பாகமா பெட்டியில போட்டு விக்கறாங்க. வாங்கி ஒட்டிக்கலாம். ஆனா பெட்டியில வர்றது அவங்க ஊர் வீடு. செங்குத்தான கூரை, பனி விழுந்தா சரிஞ்சு போக. மங்களூர் ஓடு போட்ட நம்ம ரயில்வே குவார்ட்டர்ஸ் நான் தேடின எந்தப் பெட்டியிலும் இல்ல. சரி, நாமே பண்ணுவோம்னு இறங்கினேன்.

3/ முதல்ல அளவு. எச்.ஓ. ஸ்கேல்னா 1:87. நிஜத்துல 87 மி.மீ. இருக்கறது இங்க 1 மி.மீ. 20 அடிச் சுவர் 7 செ.மீ. ஆகிடும். ஏழடிக் கதவு 24 மி.மீ. நம்ம பக்கம் ஓடின மீட்டர் கேஜ் பாதையோட அகலம் 1000 மி.மீ. 87-ஆல வகுத்தா பதினொன்றரை. 12 மி.மீ. தண்டவாளம் கடையில கிடைக்குது, அதுவே போதும்.

4/ இங்க ஒரு வம்பு இருக்கு. பிரிட்டன்ல ஓ.ஓ.னு ஒரு ஸ்கேல், 1:76. தண்டவாளத்தோட அகலம் ரெண்டுக்கும் ஒண்ணுதான், 16.5 மி.மீ. அதனால பார்க்க எல்லாம் ஒரே சாமான் மாதிரி தெரியும். தெரியாம ஓ.ஓ. மனுஷ பொம்மைகளை வாங்கி என் 1:87 திண்ணையில நிக்க வச்சுட்டேன். பொம்மையோட உயரம் 22 மி.மீ. 1:76-ல அவர் அஞ்சடி ஆறங்குலம், நம்ம ஊர் ஆள்தான். 1:87 வீட்டு முன்னாடி நின்னா ஆறடி மூணங்குலம்! பொம்மை சரி, வீடும் சரி, ரெண்டும் சேர்ந்தா தப்பு. இதை ஞாபகம் வச்சுக்கங்க.

5/ அந்தப் பொம்மையைப் பார்த்து முதல்ல சிரிச்சது ஒரு ஐயா. ரயில்வேல கேங்மேனா இருந்து ரிட்டையர் ஆனவர், என்கிட்ட பல வருஷமா சர்க்கரைக்கு வர்றவர். "எங்க கேங்ல இவ்ளோ ஒசரத்துல ஒருத்தனும் இல்ல டாக்டர்"னார். நான் பண்ணிட்டிருந்த மாதிரி குவார்ட்டர்ஸ்லதான் அவர் 11 வருஷம் குடியிருந்தார். திண்ணை எவ்வளவு உயரம், சமையல்கட்டுப் புகை எந்தப் பக்கம் போகும், மண்வெட்டியும் கடப்பாரையும் எந்த மூலையில சாத்தி வைப்பாங்கன்னு எல்லாம் அவர் சொல்லித்தான் வரைஞ்சேன். (இதை எழுத அவர்கிட்ட சம்மதம் வாங்கிட்டேன்.)

6/ இப்ப லேசர். பலகை வெட்டற மெஷின்கள்ல ரொம்பப் பரவலா இருக்கறது கார்பன் டை ஆக்ஸைடு லேசர். 1964-ல அமெரிக்காவின் பெல் லேப்ஸ்ல இதை உருவாக்கினவர் குமார் படேல், மகாராஷ்டிராவுல பாராமதியில பிறந்தவர். இதே வகை லேசரை நாங்க தொண்டை ஆபரேஷன்லயும் தோல் சிகிச்சையிலயும் பயன்படுத்தறோம். திசுவுல இருக்கற தண்ணி அந்தக் கதிரை நல்லா உறிஞ்சிக்கும், அதனால ஆழமா போகாம மேலோட்டமா வெட்டும். எங்க ஊர்ல அந்த மெஷின் இருக்கறது பெயர்ப்பலகையும் கேடயமும் பண்ணித்தர்ற கடையில. தம்பி ஒருத்தர் ராத்திரி வேலை முடிஞ்சதும் எனக்கு வெட்டித் தருவார்.

7/ வரையறது கம்ப்யூட்டர்ல. கோடு போடத் தெரிஞ்சா போதும்னு நினைச்சேன். முதல் வீடு ஆடிச்சு. காரணம், ரம்பம் எடுத்துக்கற மரத்தை ஆசாரி கணக்குல வச்சுப்பார், நான் வைக்கல. லேசருக்கும் அகலம் உண்டு. என் பலகையில 0.15 மி.மீ. மரம் ஆவியாப் போயிடுது. 10 மி.மீ.னு வரைஞ்ச நாக்கு 9.85 ஆகும், 10 மி.மீ.னு வரைஞ்ச துளை 10.15 ஆகும். நடுவுல 0.3 மி.மீ. ஆட்டம். அதனால நாக்கை அந்த அளவு பெருசா வரையணும்.

8/ ரெண்டாவது வீட்டுல வேற தப்பு. 3 மி.மீ.னு சொல்லி வித்த எம்.டி.எஃப். பலகையை வெர்னியர்ல அளந்தா 2.7 தான். முன்சுவருக்கும் பின்சுவருக்கும் நடுவுல பக்கச்சுவர் உட்காரும். அதோட நீளத்துல ரெண்டு சுவரோட தடிமனைக் கழிக்கணும். நான் 6 கழிச்சேன், கழிக்க வேண்டியது 5.4. மிச்சம் 0.6 மி.மீ. சின்னதுதானேன்னு தோணும். 87-ஆல பெருக்குங்க, நிஜ வீட்டுல 5 செ.மீ. சந்து. பாம்பே நுழையும். அட்டையில போட்ட அளவை நம்பாதீங்க, கையில இருக்கறதை அளங்க. இதையும் ஞாபகம் வச்சுக்கங்க.

9/ செய்யப் போறவங்களுக்கு இன்னும் சில குறிப்புகள். ஜன்னலை முதல்ல வெட்டச் சொல்லுங்க, சுவரோட வெளிக்கோட்டைக் கடைசியில. வெளிக்கோடு முதல்ல அறுந்தா துண்டு நகர்ந்துடும், ஜன்னல் கோணலாகும். பெயின்ட் ரெண்டு பக்கமும் அடிங்க, ஒரு பக்கம் மட்டும் அடிச்சா பலகை வளையும். ஒட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை பசை இல்லாம பொருத்திப் பாருங்க. ஃபெவிகால் போதும், காயறவரைக்கும் ரப்பர் பேண்ட். மூலை நேரா நிக்க நான் மாத்திரை அட்டைப்பெட்டியை உள்ள வைப்பேன்.

10/ டாக்டரா சொல்ல வேண்டியது: பி.வி.சி. ஷீட்டை லேசர்ல வெட்டாதீங்க. ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், நுரையீரலுக்கும் கேடு, மெஷினும் துருப்பிடிக்கும். எம்.டி.எஃப். புகையில ஃபார்மால்டிஹைடு இருக்கும், வெளியேத்தற விசிறி இல்லாத இடத்துல வெட்டக்கூடாது. சூப்பர் க்ளூவுல விரல் ஒட்டிக்கிட்டா பிச்சு இழுக்காதீங்க. சோப்பு போட்ட வெதுவெதுப்பான தண்ணியில ஊற வச்சு மெதுவா பிரிங்க. கண்ணுல பட்டா தண்ணியில கழுவிட்டு நேரா கண் டாக்டர்கிட்ட போங்க.

11/ இப்ப ஐயா கதை. அவருக்கு இன்சுலினை மாத்தினேன். பழையது ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பி. புதுசு ஒரு மில்லிக்கு 100 யூனிட். சீட்டுல "காலை 20 யூனிட்"னு எழுதினேன். வெளியில முப்பது பேர் உட்கார்ந்திருந்தாங்க. அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

12/ மூணாம் நாள் காலையில ஆட்டோவுல தூக்கிட்டு வந்தாங்க. சட்டை முழுக்க வியர்வை, கை நடுக்கம், பேச்சு குழறுது. சர்க்கரை 41. குளுக்கோஸ் ஏத்தி, ராத்திரி வரைக்கும் பக்கத்துலயே வச்சுப் பார்த்தோம். அவர் வீட்டம்மா பையிலேர்ந்து சிரிஞ்சை எடுத்துக் காட்டினாங்க. சிவப்பு மூடி. வீட்டுல மிச்சமிருந்த பழைய 40 சிரிஞ்ச்.

13/ கணக்கு இது. 40 சிரிஞ்சுல 20-ஆம் கோடுன்னா அரை மில்லி. அரை மில்லி புது இன்சுலின்ல இருக்கறது 50 யூனிட். நான் சொன்னதைப் போல ரெண்டரை மடங்கு. ஐயா கோட்டைச் சரியாத்தான் பார்த்தார். சிரிஞ்ச் சரி, மருந்தும் சரி, ரெண்டும் சேர்ந்தா தப்பு. முதல் ரெண்டு நாள் பழைய குப்பியில இருந்த மிச்சத்தைப் போட்டிருக்கார். புதுசைத் திறந்தது அன்னைக்குத்தான்.

14/ அவர் தெளிஞ்சு உட்கார்ந்ததும் நான் கேட்டது என்ன தெரியுமா? "என்ன ஐயா, பார்த்துப் போட வேண்டாமா? மூடி கலரே வேற இல்ல?" அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டு "தப்புத்தான் டாக்டர்"னார். வீட்டம்மாவும் ஒண்ணும் பேசல. நானும் அதோட விட்டுட்டேன்.

15/ ஒரு மாசம் போச்சு. குவார்ட்டர்ஸ் கிட் தயார். இதுவரை நான் வரைஞ்ச வீட்டை நான் மட்டும்தான் ஒட்டியிருக்கேன். வேற ஒருத்தர் ஒட்டிப் பார்க்கட்டுமேன்னு ஐயாவோட பேத்திகிட்ட கொடுத்தேன். எட்டாவது படிக்கிறா, கை ரொம்ப சுத்தம். ரெண்டு பக்கத்துல செய்முறையும் எழுதிக் கொடுத்தேன்.

16/ அடுத்த ஞாயிறு ரெண்டு பேரும் ஒரு அட்டைப்பெட்டியோட வந்தாங்க. வெளிச்சுவர் நாலும் அழகா ஒட்டியிருக்கு, நடுத்தடுப்பு மட்டும் ரெண்டா உடைஞ்சு கிடக்கு. பார்த்ததுமே புரிஞ்சுது. இடது சுவரும் வலது சுவரும் இடம் மாறியிருக்கு. ரெண்டும் ஒரே உருவம். ஆனா நடுத்தடுப்பு நுழையற துளை ஒண்ணுல 4 மி.மீ. தள்ளி இருக்கும். "ரெண்டாம் பக்கத்துல எழுதியிருந்தேனேம்மா, பார்க்கலையா?"ன்னேன்.

17/ அவ கொஞ்சம் கூட யோசிக்கல. "நீங்க வரைஞ்சதால உங்களுக்குத் தெரியும் சார். எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு? ஒட்டி முடிச்சப்புறம்தான் ரெண்டாம் பக்கமே வருது"ன்னா. ஐயா பக்கத்துல உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கிட்டிருந்தார். ஒரு மாசத்துக்கு முன்னாடி அவர் தலைகுனிஞ்சு உட்கார்ந்திருந்தது எனக்கு அப்பத்தான் திரும்ப ஞாபகம் வந்துச்சு.

18/ கிட்டை அன்னைக்கு ராத்திரியே மாத்தினேன். இடது சுவரோட நாக்கு 8 மி.மீ., வலது சுவரோட நாக்கு 12 மி.மீ. மாத்திப் போட்டா நுழையவே நுழையாது. செய்முறையில அந்த எச்சரிக்கை வரியை எடுத்துட்டேன், இனி அது தேவையில்ல.

19/ இது ஒண்ணும் என் கண்டுபிடிப்பு இல்ல. ஆபரேஷன் தியேட்டர்ல மயக்க மருந்து மெஷின்ல மாட்டற சின்ன சிலிண்டர்களைப் பாருங்க. ஆக்சிஜன் சிலிண்டர்ல துளைகள் 2, 5-ஆம் இடத்துல. நைட்ரஸ் ஆக்சைடுல 3, 5-ல. மெஷின்ல அதுக்கேத்த ஆணி. ஒண்ணோட இடத்துல இன்னொண்ணு உட்காராது. மயக்க மருந்து டாக்டர் எவ்வளவு கவனமானவரா இருந்தாலும் "பார்த்து மாட்டுங்க"ன்னு சொல்லி விட்டுடல, ஆணி வச்சாங்க. இதைப் படிச்சு பாஸ் பண்ணினவன்தான் நானும்.

20/ இன்சுலின் குப்பிக்கு அந்த ஆணி கிடையாது. எந்த சிரிஞ்சும் எந்தக் குப்பியிலும் நுழையும். மூடியோட நிறமும் அதுமேல எழுதின எண்ணும்தான் காவல். அப்ப அந்த ஆணியா இருக்க வேண்டியது நான். குப்பியை மாத்தினது நான், வீட்டுல பழைய சிரிஞ்ச் இருக்கும்னு தெரிஞ்சிருக்க வேண்டியதும் நான். திட்டு வாங்கினது அவர்.

21/ அடுத்த தடவை ஐயா வந்தப்போ சொன்னேன்: "அன்னைக்கு உங்களைக் கேட்டது தப்பு ஐயா. நான்தான் சொல்லியிருக்கணும்." அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "அதெல்லாம் கிடக்கட்டும் டாக்டர். அந்தத் திண்ணைத் தூணை இன்னும் கொஞ்சம் தடிமனா போடுங்க. எங்க தூண் அவ்ளோ ஒல்லியா இருக்காது"ன்னார்.

22/ இப்ப என்கிட்ட இன்சுலின் போடறவங்க குப்பியையும் சிரிஞ்சையும் எடுத்துட்டுத்தான் வரணும். என் முன்னாடியே இழுத்துக் காட்டணும். நான் வாயால சொல்லிட்டு "புரிஞ்சுதா?"ன்னு கேக்கறதில்ல. அப்படிக் கேட்டா எல்லாரும் தலையாட்டுவாங்க. ஒருத்தருக்கு மூணு நிமிஷம் கூடுதலா ஆகுது. ஆகட்டும்.

23/ நீங்க செய்ய வேண்டியது. உங்க வீட்டுல யாராவது சிரிஞ்சுல இன்சுலின் போட்டா இன்னைக்கே ஃப்ரிட்ஜைத் திறங்க. குப்பியில 40 IU/ml-னு இருந்தா சிரிஞ்சுலயும் 40 இருக்கணும், சிவப்பு மூடி. குப்பி 100-னா சிரிஞ்சும் 100, ஆரஞ்சு மூடி. நிறத்தை மட்டும் நம்பாம எண்ணைப் படிங்க. 40 மருந்தை 100 சிரிஞ்சுல எடுத்தா மருந்து பாதிக்கும் குறைவாப் போகும், சர்க்கரை ஏறிக்கிட்டே இருக்கும். தலைகீழா எடுத்தா என்ன ஆகும்னு மேல படிச்சீங்க. பழைய சிரிஞ்சை "இருக்கட்டுமே"ன்னு வைக்காதீங்க.

24/ சர்க்கரை 70-க்குக் கீழ போயி, ஆள் நினைவோட இருந்து விழுங்க முடிஞ்சா, மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கரைச்சுக் கொடுங்க. 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க. நினைவு இல்லைன்னா வாயில எதுவும் ஊத்தாதீங்க, உடனே ஆஸ்பத்திரி.

25/ தூண் தடிமனாயிடுச்சு. படத்துல நீங்க பார்த்த வீடு அந்தப் பேத்தி ரெண்டாவது தடவை ஒட்டினது. இந்தத் தடவை செய்முறையைப் பிரிக்கவே இல்லையாம்.