புதுக் குஞ்சுகளும் பழைய கோழிகளும்

உங்கள் வீட்டு வளவிலும் நாலைந்து கோழிகள் மேய்ந்து கொண்டிருக்கலாம். அவற்றோடு சேர்க்கவென்று குஞ்சு வாங்கும் எண்ணமும் இருக்கலாம். அப்படியானால் நான் செய்த பிழையை நீங்கள் செய்து விடாதீர்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு கற்பிட்டிக் குடாநாட்டில், ஆலங்குடாப் பக்கம். மணல் வளவு. நான்கு தென்னை, ஒரு முருங்கை, கிடுகு வேய்ந்த ஒரு கோழிக்கூடு. கூட்டில் 9 பேடுகளும் ஒரு சேவலும் இருந்தன. மகளின் உயர்தர டியூஷன் காசில் பாதி அந்த முட்டைகளிலிருந்துதான் வந்தது. கோழிகளுக்கு வயதாகி முட்டை குறையத் தொடங்கியதும், சீட்டுக் காசை எடுத்து, லொறியில் கொண்டு வந்து விற்றவரிடம் 5 வாரக் குஞ்சுகள் 15 வாங்கினேன். அன்று மஃரிபுக்கு முன்பே அவற்றைக் கூட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினேன். இருட்டினால் எல்லாம் ஒன்றாக உறங்கிப் போகும் என்று நினைத்தேன்.

சுபஹ் தொழுதுவிட்டுப் போய்த் திறந்தால் மூன்று செத்துக் கிடந்தன. மற்றவை பயத்தில் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கியதில், அடியில் அகப்பட்ட ஒன்றும் மூச்சு முட்டிச் செத்திருந்தது. இன்னொன்றுக்குப் பின்மண்டைத் தோலே இல்லை. எங்கள் கறுப்பி, தினமும் என் கையில் வந்து குறுணல் கொத்தும் சாதுவான கோழி, சொண்டில் இரத்தத்தோடு நின்றது.

உம்மா வந்து பார்த்தார். "கொண்டுவந்த அண்டைக்கே கூட்டுக்குள்ள போட்டியா? என்னட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதா புள்ள?" என்றார்.

கேட்டிருக்க வேண்டும். உம்மா மன்னார்த் தீவில் கோழி வளர்த்தவர். 1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, நாங்கள் வள்ளத்தில் வந்து கற்பிட்டியில் இறங்கினோம். எனக்கு அப்போது 11 வயது. வீட்டை விட்டுக் கிளம்பும்போது உம்மா செய்த கடைசி வேலை, கோழிக்கூட்டின் கதவைத் திறந்து வைத்து, இருந்த நெல்லை முற்றத்தில் கொட்டியதுதான். இங்கே ஓலைக் குடிசையில் இருந்த காலத்தில், இந்த ஊர் மாமி ஒருவர் ஓர் அடைக்கோழியை முட்டைகளோடு இரவலாகத் தந்தார். 21 நாளில் குஞ்சு பொரித்தது. குஞ்சுகள் தனித்து மேயத் தொடங்கியபின், உம்மா அந்தக் கோழியோடு நான்கு குஞ்சுகளையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

தாய்க்கோழி இருந்தால் நமக்கு வேலையே இல்லை. ஓரிரு நாள் வயதுக் குஞ்சுகளை வாங்கி, இரவில் அடைக்கோழியின் வயிற்றுக்கடியில் வைத்துவிட்டால், பெரும்பாலும் விடிந்ததும் அது தன் பிள்ளையாகவே எடுத்துக்கொள்ளும். பிறகு கூட்டத்துக்குள் அவற்றைக் கொண்டு போவதும் காப்பதும் அதன் பொறுப்பு. ஆனால் 5 வாரக் குஞ்சை எந்தக் கோழியும் ஏற்காது. கொத்தித்தான் துரத்தும்.

ஏன் கொத்துகின்றன? சிறு வயதிலேயே கோழிகளைக் கவனித்துக் குறிப்பெழுதத் தொடங்கியவர் நோர்வே நாட்டின் தோர்லெய்ஃப் ஷெல்டெருப் எப்பெ. யார் யாரைக் கொத்தலாம் என்று கோழிகளுக்குள் ஒரு வரிசை உண்டு என்பதை அவர் 1922இல் எழுதினார். ஒவ்வொரு கோழிக்கும் மற்றதன் முகம் தெரியும், தன் இடமும் தெரியும். புதிது ஒன்று வந்தால் அந்த வரிசை முழுவதும் குலைகிறது. சண்டை பிடிக்க வலு இல்லாத, ஒதுங்க இடமும் இல்லாத குஞ்சு அதில் அகப்பட்டால் என்ன ஆகும் என்பதை நான் கண்ணால் கண்டேன். இரத்தம் வந்துவிட்டால் கதை இன்னும் மோசம். சிவப்பைக் கண்டதும் மற்றவையும் வந்து அதே இடத்தில் கொத்தும்.

மிஞ்சிய 11 குஞ்சுகளையும் குசினிக்குப் பின்னால் இரண்டு வாரம் தனியே வைத்தோம். இதை வாங்கிய அன்றே செய்திருக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் குஞ்சு இரத்தக் கழிச்சலையோ ராணிக்கெட்டையோ கொண்டு வந்தால் பழைய கோழிகளும் போய்விடும். தடுப்பு மருந்து கொடுத்தார்களா என்று விற்பவரிடம் கேளுங்கள். இல்லாவிட்டால் கால்நடை வைத்திய அலுவலகத்தில் விசாரியுங்கள். காயப்பட்டதை மட்டும் வேறாக்கி, உம்மா மஞ்சளும் தேங்காயெண்ணெயும் தடவி வந்தார்.

அதன்பின் கூட்டை ஒட்டிக் கம்பிவலை அடித்து, குஞ்சுகளை வலைக்கு அப்பால் விட்டோம். பார்க்கலாம், கொத்த முடியாது. முதல் நாட்களில் கறுப்பி வலையோடு வந்து நின்று சிலிர்த்தது. இரண்டாம் கிழமை அதற்கே அலுத்துவிட்டது. நான் அவசரப்பட்டேன், உம்மா விடவில்லை. மூன்று கிழமைக்குப் பிறகுதான் வலை திறந்தது. அதுவும் அஸருக்குப் பிறகு, ஒரு மணித்தியாலம், கூட்டுக்குள் அல்ல, திறந்த முற்றத்தில், நான் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். பழைய மீன்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, குஞ்சு நுழையக் கூடிய, பெரிய கோழி நுழைய முடியாத அளவுக்கு ஒரு பலகையை எடுத்துவிட்டோம். துரத்தினால் குஞ்சுகள் அதற்குள் ஓடிவிடும். தீன் சட்டியும் தண்ணீரும் ஒன்றுக்கொன்று மறைவாக மூன்று இடத்தில் வைத்தோம். ஒரு சட்டிதான் என்றால் கறுப்பி அதில் குந்திக்கொள்ளும்! முருங்கைக் கொத்தொன்றைத் தலைக்கு மேலே கட்டிவிட்டால் பெரியவற்றின் கவனம் அதில் போய்விடும்.

தீனில் ஒரு சிக்கல் உண்டு. முட்டைக்கோழித் தீனில் கல்சியம் 3.5 முதல் 4 வீதம் வரை இருக்கும். வளரும் குஞ்சுக்கு 1 வீதம் அளவே போதும். மிஞ்சினால் சிறுநீரகம் பழுதாகும். ஆகவே எல்லாவற்றுக்கும் வளர்கோழித் தீனையே போட்டு, சிப்பி ஓட்டை இடித்துத் தனிச் சிரட்டையில் வைத்தோம். முட்டையிடுவது தனக்கு வேண்டியதைத் தானே தேடித் தின்னும். சிப்பிக்கு நமது கடற்கரையில் என்ன பஞ்சம்?

12 வார வயதாகி, உடம்பும் பெரிய கோழிகளில் முக்கால்வாசி அளவுக்கு வந்தபிறகு, ஓர் இரவு 11ஐயும் ஒன்றாகத் தூக்கிப் பரணில் ஏற்றினோம். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. ஆனால் விடிந்ததும் தெரியுமே! அன்று கிழக்கு வெளுக்குமுன்பே நான் கதவடியில் நின்றேன். அங்கொரு கொத்து, இங்கொரு துரத்தல். இரத்தம் இல்லை. மண்டைத் தோல் போனதும் அவற்றோடு இறங்கி வந்தது. அதன் பின்மண்டையில் இன்னும் இறகு முளைக்கவில்லை. மகள் அதை மொட்டச்சி என்று கூப்பிடுகிறாள். இப்போது அது நாள்தவறினாலும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் முட்டையிடுகிறது.

மீன்பெட்டி இப்போது எங்களிடம் இல்லை. அடுத்த ஒழுங்கையில் புதிதாகக் குடிவந்த பிள்ளை குஞ்சு வாங்கியிருக்கிறாள் என்று உம்மா அதை இரவல் கொடுத்துவிட்டார். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முன் திருப்பித் தரச் சொல்லியிருக்கிறேன். எங்களிடம் ஒன்று அடையில் இருக்கிறது.