ஒரு ஏக்கர் அக்கா

ஆலங்குடி என்றதும் நீங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டாம். குரு பகவான் எழுந்தருளியிருக்கும் ஆலங்குடி திருவாரூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஒவ்வொரு குருப் பெயர்ச்சிக்கும் யாராவது ஒரு வெளியூர் நண்பர், "அர்ச்சனைக்கு ஏற்பாடு செய்ய முடியுமா?" என்று எனக்கு ஃபோன் செய்வது வழக்கமாகிவிட்டது. எங்களுடையது புதுக்கோட்டை ஆலங்குடி. 1948 மார்ச் வரையில் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் ஒரு தாலுகா. செம்மண், தென்னை, பலா. இவற்றுக்கு மேல் பெருமை அடித்துக்கொள்ள எங்களிடம் அதிகமில்லை.

அந்தச் செம்மண்ணில் எங்களுக்கு ஒன்பது ஏக்கர் தோட்டம். தாத்தா வழி வந்தது. அப்பா 2003-ல் காலமானார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். பிள்ளைகள் மூன்று பேர்: அக்கா, நான், தங்கை. அப்பாவுக்குப் பின் தோட்டத்தை நான்தான் பார்த்துவந்தேன். "என் தோட்டம்" என்றுதான் வாயில் வரும். அதில் தப்பு இருப்பதாகவே தோன்றியதில்லை.

2018 நவம்பர் 16-ந் தேதி விடியற்காலம் கஜா புயல் அடித்தது. எங்கள் பக்கத்தில் அன்று தென்னைகள் கிடந்த கிடையைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அப்பா நட்டவை ஏறக்குறைய எல்லாமே சாய்ந்தன. பலாவில் வடகோடி மரம் ஒன்றுதான் மிஞ்சிற்று. மறுபடி கன்று வைக்க வேண்டும், ஆழ்குழாய்க் கிணறு போட வேண்டும். கடன் கேட்கப் போனால், "பட்டா யார் பேரில்?" என்றார்கள். பட்டா அப்பா பேரிலேயே இருந்தது. வக்கீலிடம் ஓடினேன்.

வக்கீல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தாத்தா எப்போது காலமானார்?" என்று கேட்டார். துக்கம் விசாரிக்கிறாராக்கும் என்று நினைத்து, "1952-ல், பாவம், தூக்கத்திலேயே போய்விட்டார்" என்றேன். அவருக்கு வேண்டியிருந்தது வருஷம் மட்டுந்தான்! இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது 1956-ல். தாத்தா அதற்கு முன்னே போனதால் நிலம் அப்பா கையில் பூர்விகச் சொத்தாகவே இருந்ததாம். மகனாகப் பிறந்த அன்றே எனக்கும் அதில் ஒரு பங்கு உண்டாகிவிட்டதாம். பிறந்ததைத் தவிர நான் வேறு ஒரு காரியமும் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு இந்தப் பிறப்புரிமை கிடையாது. 1929-ல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் அது சட்டமாக அறுபது வருஷம் பிடித்தது. 1989 மார்ச் 25 முதல் மகளுக்கும் மகனைப்போல் பங்கு. ஆனால் அந்தத் தேதிக்கு முன் கல்யாணமான பெண்ணுக்கு இல்லை. என் தங்கைக்கு 1993-ல் கல்யாணம். அக்காவுக்கு 1986-ல்.

வக்கீல் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். அப்பா, நான், தங்கை ஆளுக்கு மூன்று ஏக்கர். அப்பாவின் மூன்று ஏக்கர் அவர் காலத்துக்குப் பின் மூன்று பிள்ளைகளுக்கும் ஒவ்வொன்று. ஆக எனக்கு நாலு, தங்கைக்கு நாலு, அக்காவுக்கு ஒன்று. 2005-ல் டில்லியில் சட்டத்தைத் திருத்தி எல்லா மகள்களுக்கும் சம பங்கு என்றார்களே என்று கேட்டேன். "2005 செப்டம்பர் 9-ந் தேதி தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று 2015-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. உங்கள் தகப்பனார் இல்லையே" என்றார். அப்பா சீக்கிரம் போனதில் எனக்கு லாபம் என்று அதற்கு அர்த்தம்.

இரண்டு பேரிடமும் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். ஒரு ஏக்கர்தானே, சுலபமான இடத்திலிருந்து ஆரம்பிப்போம் என்று முதலில் அக்கா வீட்டுக்குப் போனேன்.

அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். தொட்டிலில் கிடந்த தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டியிருந்தது. 1991-ல் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது, கீரமங்கலம் பக்கத்தில் பூப்பறிக்கப் போய்க்கொண்டிருந்த அக்காவும் ராத்திரிப் பள்ளியில் போய் உட்கார்ந்தாள். கையெழுத்துப் போடக் கற்றாள், சைக்கிள் விடக் கற்றாள். விழுந்து முழங்கால் தேய்ந்த தழும்பைப் பேரப்பிள்ளைகளிடம் இன்றைக்கும் காட்டுவாள்.

பத்திரத்தை அவள் கையில் கொடுத்து, "இங்கே போடு அக்கா" என்றேன். போடவில்லை. எழுத்துக் கூட்டி வாசிக்க ஆரம்பித்தாள். எனக்கு வியர்த்தது. "யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் கிடையாது" என்ற இடத்தில் நின்றாள்.

"பாத்தியம் கிடையாதுன்னா என்ன தம்பி?"

"சும்மா பத்திர பாஷை அக்கா."

"இதுல போட்டுட்டா, அப்பறம் நான் பலாப்பழத்துக்கு வரலாமா?"

கேலியாகக் கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். பத்திரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு காப்பி குடித்துவிட்டுத் திரும்பினேன்.

2020 ஆகஸ்ட் 11-ந் தேதி வினீதா சர்மா வழக்கில் சுப்ரீம் கோர்ட் பழைய தீர்ப்பை மாற்றிவிட்டது. மகளுக்கும் பிறப்பாலேயே உரிமை. 2005-ல் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறைப்படி பாகம் பிரித்திருந்தால் மட்டும் அதைக் கிளற முடியாது. நாங்கள் பிரிக்கவே இல்லை. ஆகையால் ஆளுக்கு மூன்று ஏக்கர்!

பேப்பரில் படித்தேன். அக்கா வீட்டில் பேப்பர் வாங்குவதில்லை. என் மனைவி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், "அக்காவுக்கு ஃபோன் பண்ணினீங்களா?" என்பாள். "பண்ணணும்" என்பேன். இப்படி ஐந்து மாதம் ஓட்டினேன். "சீர் செய்துதானே கட்டிக் கொடுத்தோம்?" என்று எனக்குள் வாதாடிக்கொண்டேன். சீர் எட்டுப் பவுன். நான் டிப்ளமாப் படித்த மூன்று வருஷமும் சம்பளமும் சாப்பாடும் அந்தத் தோட்டத்துத் தேங்காயில்தான் நடந்தன. அதை யாரும் சீர் என்று கணக்கில் எழுதவில்லை.

தை பிறந்தது. பச்சரிசி, வெல்லம், கரும்பு, வாழைத்தார் எல்லாம் எடுத்துக்கொண்டு வழக்கம்போல் பொங்கல் சீர் கொடுக்கப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அக்கா விரல் விட்டு எண்ணினாள்.

"அப்ப தங்கச்சிக்கு நாலு மூணாக் கொறையுமா?"

"ஆமாம். எனக்குந்தான்."

ரொம்ப நேரம் பேசவில்லை. 'எனக்கெதுக்கு தம்பி, நீயே வச்சுக்க' என்பாள் என்று நான் உள்ளூர எதிர்பார்த்தேன். உங்களிடம் ஒளிப்பானேன்? அதற்குத்தான் கரும்பைக்கூட இரண்டு கட்டாக வாங்கிப் போயிருந்தேன்.

"எனக்கு மூணு ஏக்கரும் வேணும் தம்பி" என்றாள். "ஆனா சீரை நிறுத்திடாதே."

தங்கை ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. "நீங்க சொல்லாம இருந்திருந்தா யாருக்குண்ணே தெரியப்போகுது?" என்றுதான் அப்புறம் வாய் திறந்தாள். அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்வது? ஐந்து மாதம் என்னையே நான் கேட்டுக்கொண்ட கேள்வி அது. சித்திரையில் மூன்று பேரும் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்தோம். கிணறு பொது, மோட்டார் முறை வைத்து. அக்கா கையெழுத்துப் போட எடுத்துக்கொண்ட நேரத்தில் பின்னால் நின்றவர் இரண்டு தடவை கொட்டாவி விட்டார். எழுத்துக்கு எழுத்து நிறுத்தி, கடைசிப் புள்ளி வரை வைத்துவிட்டுத்தான் பேனாவைக் கொடுத்தாள்.

எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்டபோது வடகோடியைக் காட்டினாள். மிஞ்சி நிற்கும் பலா அங்கேதான் இருக்கிறது. பழக் காலம் வந்தால் இப்போது நான்தான் ஃபோன் பண்ணுகிறேன். போன தடவை, "இன்னும் முத்தலை, பத்து நாள் கழிச்சு வா" என்றாள்.