பூங்காவில் ஒரு சலங்கை ஒலி

எனக்குப் பிறந்த வீடு பெரம்பலூர், புகுந்த வீடு அரியலூர். இரண்டுக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர்தான். "ஊரு விட்டு ஊரு வந்தேன்னு சொல்லிக்காதே. ஒரு தூக்கு சாம்பார் சூடு ஆறுறதுக்குள்ள வந்து சேரலாம்" என்று என் மாமியார் கேலி செய்வார். பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகளும் சிமென்ட் ஆலைகளும். ஜெயங்கொண்டம் தாண்டினால் முந்திரித் தோப்பு. இவற்றுக்கு நடுவே பார்க்கிறதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள்தான் அதிகம். நானும் இருபது வருஷமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மார்கழியில் என் தங்கை வேன் வைத்துக்கொண்டு வந்தாள். அவளோடு அவள் பெண், நாட்டிய வகுப்பின் டீச்சர், வகுப்புப் பிள்ளைகள் பதினான்கு பேர். தங்கை இருப்பது வேறொரு சிறிய டவுன். அதன் பெயர் இங்கே வேண்டாம்.

அவர்கள் முதலில் இறங்கிய இடம் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர் கல்மரப் பூங்கா. நானும் அங்கே போய்ச் சேர்ந்துகொண்டேன். சுமார் 12 கோடி வருஷங்களுக்கு முன், இந்தப் பக்கமெல்லாம் கடலாக இருந்த காலத்தில், கரையோரத்து மரம் ஒன்று சாய்ந்து மண்ணில் புதைந்து கல்லாகிவிட்டது. 18 மீட்டர் நீளம். 1940-ல் டாக்டர் எம்.எஸ். கிருஷ்ணன் என்ற நிலவியல் அறிஞர் இதை வெளியுலகுக்குச் சொன்னார். பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று வாய் பிளந்து பார்த்தார்கள்.

"பெரியம்மா, இது செத்துப்போன மரம்தானே? இதுக்கு வேலி போட்டிருக்காங்க. எங்க புங்க மரத்துக்கு மட்டும் ஏன் போடல?" என்று தங்கை பெண் கேட்டாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தங்கை கண்ணைக் காட்டினாள். "அப்புறம் சொல்றேன் அக்கா" என்றாள்.

அரியலூரில் என் வீட்டில் புளியோதரை, தயிர்சாதம், மாவடு. சாப்பாடு முடிந்து பிள்ளைகள் கண்ணயர்ந்தபோதுதான் கதை வெளியே வந்தது.

தங்கை ஊரில் ஒரு பூங்கா. அதன் மூலையில் ஓட்டுக் கொட்டகை, பக்கத்தில் பெரிய புங்க மரம். சனி, ஞாயிறு காலைகளில் அங்கேதான் பதினோரு வருஷமாக நாட்டிய வகுப்பு. மாலையில் அதே கொட்டகையில் பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர் பையன்களுக்குப் பறையும் கும்மிப் பாட்டும் சொல்லிக் கொடுப்பார். வாடகை கிடையாது. வகுப்புக் கட்டணம் மாதம் நூறு ரூபாய். முடியாதவர்கள் கொடுக்க வேண்டாம். பூ கட்டுகிறவர் மகளும் பள்ளி ஆசிரியர் மகளும் ஒரே வரிசையில் நின்று தட்டடவு போடுவார்கள்.

பூங்காவைப் புதுப்பிக்கிறோம் என்று ஒரு நாள் வேலி அடைத்தார்கள். எல்லோருக்கும் சந்தோஷம்தான். விளக்கு எரியாத பூங்கா அது. கழிப்பறை இருந்தும் பூட்டு. நடைபாதை, செயற்கை நீரூற்று, உடற்பயிற்சிச் சாதனங்கள், போட்டோ எடுக்கிற வளைவு என்று படத்தில் வரைந்து மாட்டியிருந்தார்கள். அந்தப் படத்தில் கொட்டகை இல்லை! மரம் நின்ற இடம் நடைபாதை. யாரும் வகுப்பை ஒழிக்கவேண்டும் என்று நினைத்துச் செய்யவில்லை. படம் வரைந்தவர் வந்து பார்த்தது ஒரு வார நாளாம். அன்றைக்கு வகுப்பு கிடையாது. கொட்டகை வெறிச்சென்று கிடந்தது. "உபயோகத்தில் இல்லாத கட்டடம்" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

"எங்களுக்குத் தெரியிறதுக்குள்ள ஓட்டைப் பிரிச்சுட்டாங்க" என்றார் டீச்சர். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு மனசை என்னவோ செய்தது.

இப்போது வகுப்பு தங்கை வீட்டு மொட்டை மாடியில். முன்பு வந்தவர்கள் இருபத்திரண்டு பேர். இப்போது பதினான்கு. நின்றுபோன எட்டுப் பேரும் பூங்காவை ஒட்டிய தெருப் பிள்ளைகள். "மெயின் ரோடு தாண்டி அனுப்ப மாட்டோம்" என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். பறை சொல்லிக் கொடுத்த பெரியவருக்கு மாடியும் கிடைக்கவில்லை. சத்தம் என்று அக்கம்பக்கத்தில் ஆட்சேபணை.

இன்னொன்றும் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். சிமென்ட் தளத்தில் நாள்கணக்கில் தட்டி ஆடினால் குழந்தைகளுக்குக் குதிகாலும் முழங்காலும் வலிக்கும். கெட்டித்த மண் தரை, மரப்பலகைத் தரை என்றால் அதிர்ச்சி குறையும். கொட்டகையில் இருந்தது சாணம் மெழுகிய மண் தரை. இப்போது அங்கே பதிக்கப்போவது பேவர் பிளாக் கல். பத்து மணி வெயிலில் அதில் வெறுங்காலோடு நிற்கக்கூட முடியாது.

மறுநாள் காலை கங்கைகொண்ட சோழபுரம் கிளம்பினோம். போன வருஷம், 2025 ஜூலையில், ராஜேந்திர சோழன் பிறந்த ஆடித் திருவாதிரை விழா இங்கே ஐந்து நாள் நடந்தது. கடைசி நாள் பிரதமர் வந்தார். இளையராஜாவின் இசை நிகழ்ச்சி. நான் கூட்டத்துக்குப் பயந்து டி.வி.யில்தான் பார்த்தேன். மார்கழியிலோ புல்வெளியில் பனி, நாலைந்து வெளியூர்க்காரர்கள், கிளிகள். அவ்வளவுதான்.

ஆயிரம் வருஷக் கோயிலை நான் வர்ணிக்கப்போவதில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கம்பீரம் என்றால் இது நளினம். 2004-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சுற்றிலும் விரிந்த புல்வெளியைப் பார்த்தால் பூங்கா என்றே சொல்லத் தோன்றும்.

டீச்சர் பிள்ளைகளைத் தென்புறச் சுவரோரம் கூட்டிப் போனார். அனுமதி இல்லாமல் இங்கே ஆடக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஆடவில்லை. நடராஜர் சிற்பத்துக்கு எதிரே புல்லில் உட்காரவைத்து, "கீழே யார் இருக்காங்கன்னு பாருங்க" என்றார்.

கூத்தனின் காலடியில் எலும்பும் தோலுமாய் ஒரு பெண் உருவம். காரைக்கால் அம்மையார்! இறைவன் ஆட, அம்மை பாடுகிறாள். அவ்வளவு பெரிய கோயிலுக்குத் திட்டம் போட்டவர்கள், பாடுகிறவளுக்கும் ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறார்கள். தங்கை என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

இதே கோயில் மதில் கதையும் உண்டு. 1836-ல் கொள்ளிடத்தில் கீழணை கட்டினார்கள். நாம் அணைக்கரை என்று சொல்கிறோமே, அதுதான். அணை நல்ல காரியம். எத்தனையோ வயல்கள் விளைந்தன. ஆனால் அதற்குக் கல் வேண்டும் என்று இந்தக் கோயிலின் வெளி மதிலையும் கட்டடங்களையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஒரு நல்ல காரியத்துக்காக இன்னொன்றை அழிக்கும்போது, யாராவது முன்னாலேயே கேட்டிருந்தால் வேறு வழி பிறந்திருக்குமோ என்னவோ!

இப்போது இந்த இடத்துக்கும் புதுத் திட்டங்கள். 22 கோடி ரூபாய்ச் செலவில் அருங்காட்சியகம், சோழகங்கம் ஏரியைத் தூர்வார 12 கோடி என்று அரசு அறிவித்திருக்கிறது. வரட்டும், மனதார வரவேற்போம். ஊர் அன்பர்கள் ஆசையாகக் கொண்டாடி வந்த ஆடித் திருவாதிரை, 2021-ல் அரசு விழாவாக அறிவிக்கப்பட்டது. அந்த நாளில் நம் பக்கத்துப் பிள்ளைகள் ஆடவும் பாடவும் நிழலும், உடை மாற்ற ஓர் அறையும், தண்ணீரும் அந்தத் திட்டத்தில் இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும். உடை மாற்ற அறை என்பது ஆண்களுக்குச் சட்டென்று தோன்றாது. நாம்தான் சொல்ல வேண்டும்.

திரும்பும்போது வேனில் டீச்சர், தான் படித்ததையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். சென்னை சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் ஒரு காலத்தில் 'பீப்பிள்ஸ் பார்க்' இருந்ததாம். 1859-ல் கவர்னர் டிரெவெலியன் ஏற்படுத்தியது. 116 ஏக்கர்! குளங்கள், மிருகக்காட்சி சாலை, பாண்டு வாத்திய மேடை, வருஷக் கடைசியில் பெரிய வேடிக்கைச் சந்தை. பூங்கா நிலத்தில்தான் 1888-ல் விக்டோரியா பப்ளிக் ஹால் எழுந்தது. பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் தொடங்கிய சுகுண விலாஸ சபை அந்த ஹாலில்தான் நாடகங்கள் போட்டுத் தமிழ் நாடகத்தை வளர்த்தது. பிறகு என்ன ஆயிற்று? மாநகராட்சிக் கட்டடத்துக்குக் கொஞ்சம், மூர் மார்க்கெட்டுக்குக் கொஞ்சம், விளையாட்டு அரங்கத்துக்குக் கொஞ்சம், ரயிலுக்குக் கொஞ்சம் என்று பூங்கா கரைந்தது. 1985-ல் மிருகங்கள் வண்டலூர் போயின. அதே வருஷம் மூர் மார்க்கெட் எரிந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது. ஆனால் பூங்கா போய்விட்டது. ஹால் பல வருஷம் பூட்டிக் கிடந்தது. 2023-ல்தான் பெரிய அளவில் புதுப்பிக்கும் வேலை தொடங்கியது.

வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. பெங்களூரில் கப்பன் பூங்காவை ஒட்டி வெங்கடப்பா ஓவியக்கூடம் இருக்கிறது. குறைந்த வாடகையில் புது ஓவியர்கள் படம் வைக்கக்கூடிய இடம். அதைப் புதுப்பித்து நடத்த ஒரு தனியார் அறக்கட்டளையோடு அரசு ஒப்பந்தம் போட்டது. 2016-ல் ஓவியர்கள் திரண்டு, "எங்களைக் கேட்காமலா?" என்று அமைதியாகப் போராடினார்கள். திட்டம் கைவிடப்பட்டது. நமக்குப் போராட்டமெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். ஆனால் அவர்கள் முதலில் செய்தது வாய் திறந்து கேட்டதுதானே!

மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவிலோ, மாதத்தில் ஒரு ஞாயிறு காலை சிறு பிள்ளைகள் மைக் இல்லாமல் கச்சேரி செய்வது பல வருஷம் நடந்திருக்கிறது. அதற்குக் கோடிகள் வேண்டியதில்லை. உட்கார நிழல், கேட்க நாலு பேர், போதும்.

தங்கையும் சும்மா இருக்கவில்லை. வகுப்புத் தாய்மார்கள் ஒன்பது பேர் சேர்ந்து மனு எழுதினார்கள். பதினோரு வருஷத்துப் போட்டோக்கள், ஆண்டு விழா நோட்டீசுகள், பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் எல்லாம் இணைத்து, சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று கொடுத்தார்கள். "கால் நடுங்கிச்சு அக்கா. ஆனா பேசிட்டேன்" என்றாள். கொட்டகைக்குப் பதில் திறந்த மேடை ஒன்று சேர்க்கப் பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்திருக்கிறது. மேடை வருமோ வராதோ! மரம் மட்டும் தப்பிவிட்டது. நடைபாதையை அதைச் சுற்றி வளைத்துவிட்டார்களாம்.

சகோதரிகளே, உங்கள் ஊர்ப் பூங்காவிலும் பாட்டோ, கோலாட்டமோ, ஓவியமோ, யோகாவோ நடந்துகொண்டிருக்கலாம். வேலி அடைக்கும் முன் இவற்றைச் செய்து வையுங்கள்.

எந்த நாள், எத்தனை மணி, எத்தனை பேர் என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். வருஷம் ஒரு போட்டோவாவது எடுத்து வையுங்கள். எழுத்தில் இல்லாதது "உபயோகத்தில் இல்லாதது" ஆகிவிடும்.

கிராமமானால் கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகரமானால் 2022-ல் தொடங்கிய பகுதி சபை. இரண்டிலும் பெண்கள் எழுந்து பேசலாம். திட்டத்தின் நகல் வேண்டுமானால் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். பூங்கா, விளையாட்டு இடம், திறந்த வெளி இவற்றைப் பாதுகாக்க 1959-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் உண்டு.

மூன்று கேள்வி மறவாமல் கேளுங்கள். வேலை நடக்கும்போது வகுப்பு எங்கே? முடிந்த பின் அதே நேரம், அதே கட்டணமில்லாத இடம் கிடைக்குமா? தரை எதில் போடுகிறீர்கள்?

இடையில் பிள்ளைகளின் கலை நின்றுவிடாமலிருக்க, கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றத்தை விசாரியுங்கள். 5 முதல் 16 வயது வரை பாட்டு, நாட்டியம், ஓவியம், நாட்டுப்புறக் கலை எல்லாம் கற்றுத் தருகிறார்கள்.

அன்று மாலை வேன் கிளம்பும்போது தங்கை பெண் ஜன்னல் வழியாகக் கை ஆட்டினாள். "பெரியம்மா, மேடை வந்தா நீங்கதான் முதல் வரிசை!"

"மேடை வராட்டியும் வருவேன்டி. மாடியிலேயே பாய் போட்டு உட்கார்ந்துக்கிறேன்" என்றேன்.

நின்றுபோன அந்த எட்டுப் பிள்ளைகளும் அன்று அங்கே இருக்க வேண்டும். அதற்குத்தான் மனு. தங்கை இப்போது இரண்டாவது மனு எழுதிக்கொண்டிருக்கிறாள். இந்தத் தடவை கால் நடுங்காது என்கிறாள்.