ஐந்தே நிமிடம்

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலைவேளை. வெள்ளவத்தையிலே, தாயாருக்கு மருந்து வாங்கும்பொருட்டு, வாகனம் நிறுத்தலாகாது என்று பலகை நாட்டப்பட்டிருந்த இடத்தில் என் காரை நிறுத்தினேன். 'ஐந்தே நிமிடம்' என்று மனத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். கடையிலே கூட்டம், ஐந்து நிமிடம் இருபதாயிற்று.

திரும்பி வந்தபோது பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் தண்டப் பத்திரம் எழுதிக்கொண்டு நின்றார். "ஐயா, அம்மாவுக்கு மருந்து வாங்கவே வந்தேன்" என்று வாதாடத் தொடங்கினேன். அவர் ஒன்றும் பேசாது, அடுத்திருந்த வைத்தியரின் வாசலைச் சுட்டிக்காட்டினார். அங்கே முதியவர் ஒருவர், நனைந்த வேட்டியுடன், மகளின் தோளைப் பற்றியபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். வாசலை என் கார் அடைத்து நின்றமையால், முச்சக்கர வண்டியை அப்பாலே நிறுத்தி, மழையில் நடந்து வந்திருக்கிறார்கள்.

"பரவாயில்லைத் தம்பி, எல்லாருக்கும் அவசரந்தானே" என்றார் அவர். தண்டத்திலும் அந்தச் சொல்லே என்னைச் சுட்டது.

பின்னர், இத்தண்ட முறையின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். உலகின் முதலாவது தரிப்பிட மீற்றர் 1935ஆம் ஆண்டு யூலை 16ஆம் திகதி அமெரிக்காவின் ஒக்லஹோமா நகரில் நாட்டப்பட்டது. நகரின் நடுவே தொழில்புரிவோர் காலையில் நிறுத்திய கார்களை மாலைவரை எடுப்பதில்லை. பொருள் வாங்க வந்தோருக்கோ இடமில்லை. இக்குறை தீரக் கார்ல் மகீ என்னும் பத்திரிகையாசிரியர் கண்ட உபாயமே அக்கருவி. மணித்தியாலத்துக்கு ஐந்து சதம் கட்டணம். ஒருவர் எழுந்து மற்றவருக்கு இடம்விட வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

இவ்வாறு சேரும் பணம் எங்கே போகிறது என்று கேட்போருக்குக் கலிபோர்னியாவிலுள்ள பசடீனா நகரம் நல்ல விடையளித்தது. அங்கே பழைய கடைத்தெருவில் 1993இல் மீற்றர்கள் வந்தபோது, வருமானத்தை அத்தெருவின் நடைபாதைக்கும் மரங்களுக்கும் விளக்குகளுக்குமே செலவிட்டார்கள். தெருவும் செழித்தது, முணுமுணுப்பும் அடங்கியது.

இலண்டனில் மீற்றர்கள் 1958இல் வந்தன. வாகனத் தரிப்பைக் கண்காணிக்கும் காவலர்கள் 1960 செப்தெம்பரில் வீதிக்கு இறங்கினார்கள். அவர்கள் எழுதிய முதலாவது தண்டம் இரண்டு பவுண். அதைப் பெற்றவர், ஹோட்டலொன்றில் மாரடைப்புக் கண்டவரைக் காப்பாற்ற விரைந்திருந்த வைத்தியர்! பொதுமக்கள் கொதித்தெழவே, அத்தண்டம் நீக்கப்பட்டது. சட்டத்துக்கும் இரக்கம் வேண்டுமன்றோ?

இதைப் படித்ததும், 'என் கதையும் இதுதானே' என்று மனம் ஒருகணம் துள்ளியது. மறுகணமே நாணமுற்றேன். அவர் பிறர் உயிருக்காக நிறுத்தினார். நானோ நூறு யார் தூரம் நடக்கச் சோம்பி நிறுத்தினேன். மருந்து அரைமணி நேரம் தாமதித்திருந்தால் ஒரு கேடும் வந்திராது. அவசரம் என்னும் ஒரே சொல்லை இருவரும் சொல்லலாம், பொருள் ஒன்றாகிவிடாது.

தண்டத்தைச் செலுத்திவிட்டு, நடந்ததைத் தாயாரிடம் சொன்னேன். பணத்தைப்பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"அந்தப் பெரியவருக்கு என்ன வருத்தமாம்?" என்றார்.

நான் தலைகுனிந்து நின்றேன். அதை நான் கேட்டறியாமலே வந்துவிட்டேன்.