பொம்மை ரயிலுக்கு 14 ஏக்கர்!

கோபிசெட்டிபாளையத்துக்கு ரயில் கிடையாது. ரயில் ஏற வேண்டுமென்றால் சுமார் 35 கிலோமீட்டர் பஸ்ஸில் ஈரோடு போக வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் பத்தாவது படிக்கும் ஒரு பையன், லெகோ கட்டைகளை வைத்து வந்தே பாரத் கட்டக் கிளம்பினான். அதில் அவனுக்குக் கிடைத்த கணக்குப் பாடம்தான் இங்கே விஷயம்.

முதலில் அளவு. லெகோ தண்டவாளத்தின் இடைவெளி 37.5 மி.மீ. இந்திய அகலப்பாதை 1,676 மி.மீ. வகுத்துப் பார்த்தால், நிஜத்தில் கிட்டத்தட்ட 45-ல் ஒரு பங்கு. பெரம்பூர் ஐ.சி.எஃப்-ல் 2018-ல் தயாரான முதல் வந்தே பாரத்துக்கு 16 பெட்டி, மொத்த நீளம் 384 மீட்டர். 45-ஆல் வகுத்தால் எட்டரை மீட்டர்! வீட்டு ஆசாரத்தில் அடங்காது. சரி, இரண்டு பெட்டி போதும் என்று முடிவு செய்தான். ஆனால் ஒரு பெட்டியே 53 செ.மீ. வந்தது.

அடுத்த சிக்கல் வளைவு. லெகோவில் வழக்கமாக வரும் வளைவுத் தண்டவாளம் 16 சேர்த்தால் ஒரு வட்டம். அதன் ஆரம் 32 செ.மீ. அதில் 53 செ.மீ. பெட்டி எப்படித் திரும்பும்? அதனால்தான் கட்டுகிறவர்கள் எல்லாரும் பெட்டியைக் குட்டையாக்கி விடுகிறார்கள். அந்த வளைவை நிஜ அளவுக்குப் பெருக்கினால் 14 மீட்டர் சொச்சம். டவுன் பஸ் திரும்புகிற வளைவு :-)

அப்படியானால் நிஜ புல்லட் ரயிலுக்கு? மும்பை - அகமதாபாத் பாதை 508 கி.மீ. 320 கி.மீ. வேகத்தில் ஓட்டத் திட்டம். அங்கே வளைவின் ஆரம் பொதுவாக 6,000 மீட்டருக்குக் குறையக்கூடாது. காரணம் எளிது. வேகம் இரண்டு மடங்கானால், வளைவில் வெளியே தள்ளும் விசை நாலு மடங்காகும். அந்த 6,000 மீட்டரை 45-ஆல் வகுத்தால் 133 மீட்டர். பொம்மைக்கு அப்படி ஒரு வட்டம் போட்டால், அது வளைத்துக்கொள்ளும் இடம் கிட்டத்தட்ட 14 ஏக்கர்!

இதைப் போய் பையன் அப்புச்சியிடம் சொன்னான். அவர் கொடிவேரித் தண்ணீர் பாயும் தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நெல் வைப்பவர்.

"ஏங்கண்ணு, பொம்மைக்கே பதினாலு ஏக்கர்னா, நெச ரயிலுக்கு எத்தன பேரு காடு போகும்?"

"வட்டம் முழுக்க எடுக்க மாட்டாங்க அப்புச்சி. தூணு மேல ஓட்டுவாங்க. பதினேழரை மீட்டர் அகலம் இருந்தாப் போதுங்க."

"அந்தப் பதினேழரை மீட்டர்ல ஒருத்தன் கெணறு இருந்தா?"

பையனிடம் பதில் இல்லை.

அப்புச்சி கேட்டதுதான் சரியான கேள்வி. தார் ரோடு ஒரு கிணற்றைப் பார்த்து ஒதுங்கிப் போகும், ஒரு புளியமரத்தைச் சுற்றிக்கொண்டு போகும். 6,000 மீட்டர் வளைவு யாருக்காகவும் ஒதுங்காது. மும்பை - அகமதாபாத் பாதைக்கு அடிக்கல் நாட்டியது 2017 செப்டம்பரில். நிலம் முழுவதும் கைக்கு வந்ததாக அறிவித்தது 2024 ஜனவரியில். ஆறு வருஷத்துக்கு மேல்!

இதன் மறுபக்கம் நம் கண்முன்னாலேயே ஓடுகிறது. சோதனையில் 180 கி.மீ. வேகத்தைத் தொட்டது வந்தே பாரத். ஆனால் 2023 ஏப்ரலில் கோவை - சென்னை தடத்தில் அது ஓடத் தொடங்கியபோது, சுமார் 495 கி.மீ. தூரத்துக்கு 5 மணி 50 நிமிடம் ஆனது. சராசரி 85 கி.மீ. வண்டி புதுசு, தடம் பழசு. கூர்மையான மூக்கையும் வழவழப்பான உடம்பையும் பார்த்து அதுதான் வேகம் என்று நினைக்கிறோம். வேகம் பாதி தண்டவாளத்தில் இருக்கிறது. தண்டவாளம் யாரோ ஒருவருடைய மண்ணில் இருக்கிறது.

ரயில் வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் கிடையாது. ஈரோட்டுக்குப் பஸ் ஏறுகிற கோபிக்காரர்கள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆனால் வேகத்துக்கு டிக்கெட் விலை போக இன்னொரு விலையும் உண்டு. அதைக் கொடுப்பவர் பெரும்பாலும் அந்த ரயிலில் ஏறுகிறவர் இல்லை. அவர் ஊரில் அது நிற்கவே நிற்காது.

மும்பை - அகமதாபாத் பாதையில் மொத்தம் 12 ஸ்டேஷன்தான், தெரியுமா?