மயக்க மருந்துக்குப் பயப்பட வேண்டுமா?

"மாறுகண் அதிர்ஷ்டம்" என்று நமது ஊர்களில் இன்றும் சொல்வார்கள். கனமூலையில் வீடு வீடாகச் செல்லும்போது நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் கவனிக்காமல் விட்டால், விலகி நிற்கும் கண்ணின் காட்சியை மூளை ஒதுக்கத் தொடங்கும். அந்தக் கண்ணின் பார்வை குன்றும். சில பிள்ளைகளுக்குக் கண்ணாடி போதும். சிலருக்கு நல்ல கண்ணை மறைத்து மற்றக் கண்ணைப் பழக்க வேண்டும். வேறு சிலருக்குக் கண்ணை அசைக்கும் தசைகளைச் சரிசெய்யும் சத்திரசிகிச்சை தேவைப்படும்.

நான்கு வயது மகளுக்கு அப்படிச் சொல்லப்பட்டபோது ஒரு தாய் மறுத்துவிட்டார். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது சிறுமியாகப் புத்தளம் வந்தவர் அவர். முகாம் கொட்டிலில் காய்ச்சலோடு தூங்கிய அவரது தம்பி பிறகு எழும்பவேயில்லை.

"வாப்பாவுக்குக் கண் ஒபரேஷன் செஞ்சப்போ கண்ணை மட்டும்தானே விறைக்க வச்சாங்க, மிஸ்? இவளைத் தூங்க வைக்க விடமாட்டேன்" என்றார். அவர் கையெழுத்திட வேண்டிய படிவமோ சிங்களத்தில் மட்டுமே இருந்தது.

சமூகவியல் படித்த எனக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் ராத்தாவின் கேள்வி நியாயமானது. அடுத்த கிளினிக்கில் மயக்க மருந்து வைத்தியரிடமே கேட்டோம். தமிழ் தெரிந்த தாதி ஒருவர் மொழிபெயர்த்தார்.

பெரியவர்களுக்குக் கண்ணை மட்டும் விறைக்க வைத்தும் இதைச் செய்யலாம். சிறுபிள்ளை பயத்தில் அசையும் என்பதால் முழு மயக்கமே பாதுகாப்பு. ஊசிக்குப் பயந்த பிள்ளைக்கு முதலில் முகமூடி வழியாக வாயு கொடுத்து, தூங்கிய பின் ஊசி ஏற்றலாம். தசையை இழுக்கும்போது இதயத்துடிப்பு குறையக்கூடும். அதனால் துடிப்பைக் கணமும் கவனிப்பார்கள். இழுப்பதை நிறுத்தினால் பெரும்பாலும் சீராகும், அற்றோபின் மருந்தும் உண்டு. பின்னர் வாந்தி வருவது வழமை. அதைக் குறைக்க முன்கூட்டியே மருந்து கொடுக்கலாம்.

மூளை பாதிக்குமா என்றும் கேட்டார். கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு மணித்தியாலத்துக்குக் குறைவாக ஒருமுறை மயக்கப்பட்டவர்களை ஐந்து வயதில் சோதித்த சர்வதேச ஆய்வொன்று 2019இல் வெளியானது. அறிவு வளர்ச்சியில் குறை காணப்படவில்லை.

ராத்தா விளங்கிக்கொண்டுதான் கையெழுத்திட்டார். பிள்ளை தூங்கும்வரை பக்கத்தில் நிற்க அனுமதியும் கேட்டு வாங்கினார். அன்றிரவு மகள் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். காலையில் பிஸ்கட் கேட்டாள்.

சகோதரிகளே, வைத்தியர் சொன்ன நேரத்திலிருந்து பிள்ளைக்குச் சாப்பாடோ பாலோ கொடுக்காதீர்கள். அழுகிறதே என்று ஒரு வாய் கொடுத்தாலும், மயக்கத்தில் அது சுவாசப்பைக்குள் போய்விடலாம். தடிமன், இழுப்பு, மருந்து ஒவ்வாமை இருந்தால் மறைக்காதீர்கள். மயக்க மருந்தால் குடும்பத்தில் யாருக்காவது ஆபத்து நேர்ந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். நமது குடும்பங்கள் சிதறியவை. மன்னாரிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள மாமி, சாச்சியிடம் தொலைபேசியில் விசாரியுங்கள்.

1987இன் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் நமது நாட்டின் அரச கரும மொழி. விளங்காத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள், விளக்கம் கேளுங்கள். அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.