நான் காக்கத் தவறிய பெயர்

ஒரு பெண்ணுக்குப் பேசி முடித்த சம்பந்தம் நின்றுபோனதற்கு நான் காரணம். அவளுடைய மருத்துவ ரகசியத்தைக் காக்கவேண்டிய பொறுப்பில் இருந்துகொண்டு அதை வெளியே விட்டேன். செவிலியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டேன். ஊரையும் மருத்துவமனையையும் சொல்லப்போவதில்லை. சொன்னால் அவளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கருக்கலைப்பை அனுமதிக்கும் எம்.டி.பி. சட்டம் 1971இல் வந்தது. கலைப்புக்கு வரும் பெண்ணின் பெயர் எங்கே இருக்கலாம், எங்கே இருக்கக்கூடாது என்று அதன் ஒழுங்குவிதிகள் தெளிவாகச் சொல்கின்றன. பெயரை எழுதவேண்டியது சேர்க்கைப் பதிவேட்டில் மட்டும். அது ரகசிய ஆவணம். மருத்துவமனைத் தலைவரின் பாதுகாப்பில் இருக்கவேண்டும். சட்டப்படி அதிகாரம் உள்ளவர் தவிர வேறு யாரும் பார்க்கக்கூடாது. கடைசிப் பதிவிலிருந்து 5 ஆண்டு முடிந்ததும் அழித்துவிடவேண்டும். கேஸ் ஷீட்டிலோ தியேட்டர் ரிஜிஸ்டரிலோ பெயர் வரவே கூடாது. வரிசை எண்ணும் ஆண்டும் போதும். அவள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தை உறையில் வைத்து ஒட்டி, மேலே ‘ரகசியம்’ என்று எழுதவேண்டும்.

இவ்வளவும் தெரிந்தே தியேட்டர் ரிஜிஸ்டரில் பெயர் எழுதினேன். மற்ற ஆபரேஷன்களுக்கு எழுதுகிற அதே பழக்கம். அந்த ரிஜிஸ்டர் மேசைமேல்தான் கிடக்கும்; போகிற வருகிற யாரும் புரட்டலாம். ஒழுங்காக எழுதுகிறவள் என்று எனக்குப் பெயர் வேறு இருந்தது.

அந்தப் பெண் கல்யாணமாகாதவள். 18 வயது முடிந்தவளுக்கு அவளுடைய சம்மதம் மட்டுமே போதும், அப்பா அம்மாவுக்குத் தெரியவேண்டியதில்லை என்று நான்தான் விளக்கிக் கையெழுத்து வாங்கினேன். “வெளிய தெரியாதுல்ல சிஸ்டர்?” என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

பிறகு ஒருநாள் எனக்கு மதினி முறையாகும் ஓர் உறவுக்காரர் வீட்டுக்கு வந்தார். மகனுக்கு அந்தப் பெண்ணைத்தான் பேசியிருந்தார்கள். “பொண்ணு எப்படி மதினி? ஒங்க ஆஸ்பத்திரிப் பக்கத்துப் பொண்ணுதான, எதும் கேள்விப்பட்டிருக்கீங்களா?” என்றார். எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நல்ல பெண் என்று சொல்லியிருக்கலாம், அதுவும் உண்மைதான். நான் கொஞ்சம் யோசித்துவிட்டு, “எதுக்கும் நல்லா விசாரிச்சுக்கோங்க” என்றேன். என் வேலை தெரிந்த மதினிக்கு அதற்கு மேல் ஒரு வார்த்தையும் தேவைப்படவில்லை. பிறகு பார்த்தபோது, நல்லவேளை சொன்னீர்கள் என்று என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

நான் எதையும் சொல்லவில்லையே என்று நெடுநாள் எனக்கே வக்காலத்து வாங்கிக்கொண்டிருந்தேன். அது பொய். மதினிக்குப் புரியவேண்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன். உறவுக்கு நல்லது செய்கிறேன் என்ற நினைப்பும், எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளும் ஆசையும் அதில் இருந்தன. அவள் செய்தது சட்டம் அனுமதித்த ஒரு சிகிச்சை. அதைக் குற்றம்போல ஆக்கியவள் நான்.

அப்போது ஒழுங்குவிதியை வேண்டுமென்று மீறினால் 1,000 ரூபாய் வரை அபராதம். 2021 திருத்தத்தில் சேர்த்த 5ஏ பிரிவின்படி, பெயரை வெளியிடும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை. 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண் விஷயத்தில் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தகவல் கொடுத்தே ஆகவேண்டும். ஆனால் அங்கேயும், அவளும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் மருத்துவர் பெயரைச் சொல்லத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. போலீசிடமே மறைக்கலாம் என்கிற பெயரை நான் மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் காட்டிக்கொடுத்திருக்கிறேன்.

ரகசியம் தங்காது என்று தெரிந்தால் பெண்கள் எங்களிடம் வரமாட்டார்கள். யாரிடமாவது மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு, ரத்தப்போக்கு நிற்காமல் கடைசி நேரத்தில் வருவார்கள். அப்படி வந்தவர்களை என் கையால் தூக்கிப் படுக்கவைத்திருக்கிறேன். ஆகவே நான் செய்ததை வெறும் வாய்த்தவறு என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது அவளுக்கென்று ஒரு குடும்பம் இருக்கலாம். நான் போய் வாசலில் நின்றால், யார் இந்த அம்மா, எதற்கு வந்தார் என்று அங்கே கேள்வி வரும்.

இப்போது வேலையில் இருக்கும் சிஸ்டர்கள் இன்றே தியேட்டர் ரிஜிஸ்டரை எடுத்துப் பாருங்கள். எம்.டி.பி. வரிகளில் பெயர் இருந்தால் உங்கள் டாக்டரிடம் சொல்லி, இனி எண் மட்டும் எழுதுங்கள். சம்பந்தம் பேசுகிற வீட்டார் எங்களிடம் பெண்ணைப் பற்றி விசாரிக்க வராதீர்கள்.